வரட்டும் சவம்

ஏப்ரல் 20, திங்கள்

இது டைரி இல்லை. அப்பாவின் 'ஆவுடை ஆடியோஸ்' மைக் செட் ஆர்டர் நோட்டு. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் 'நிகழ்ச்சி, இடம், எத்தனை குழாய்' என்று அச்சடித்திருக்கிறது. முறைப்படி நிரப்பிவிடுகிறேன். நிகழ்ச்சி: காத்திருப்பு. இடம்: தென்காசி, எங்கள் வீடு. குழாய்: மூன்று. அப்பா, அம்மா, நான்.

என் பெயர் உலகம்மை. வயது பதினைந்து. பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு, ரிசல்ட் வரும்வரை மனுஷியாக நடத்தப்படும் பருவத்தில் இருக்கிறேன். உலகத்துக்கே அம்மை போட்டதா என்று ஆறாம் வகுப்பில் ஒருத்தன் என் பெயரைப் பிரித்துக் காட்டினான். மறுநாள் அவன் சாப்பாட்டு டப்பாவுக்குள் ஒரு ரப்பர் பல்லி இருந்தது. யார் வைத்தார்கள் என்று பள்ளிக்கூடத்துக்கு இன்றுவரை தெரியாது. எனக்குத் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவும் அம்மாவும் ஒரு பிள்ளையைத் தத்தெடுக்க அரசாங்கத்தின் இணையதளத்தில் பதிவு செய்து மூன்று வருடம் ஆகிறது. நான் பிறந்தபோது அம்மாவுக்கு ஒரு ஆபரேஷன் நடந்தது. "ஒன்னோட கடையச் சாத்தியாச்சு" என்பார் அப்பா. தவளை செய்வது தத்து. உளறினால் தத்துப்பித்து. ஊர்வாய் சும்மா இல்லாமல் 'எதுக்கு இந்த வயசுல' என்று கேட்டால் அது தத்துவம். எங்கள் வீட்டில் தத்து என்றால் மூன்று பேரும் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்திருப்பது.

இரண்டு வயதிலிருந்து நான்குக்குள், ஆணோ பெண்ணோ சரி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பதிவு செய்தபோது வரிசை எண் தொள்ளாயிரத்துச் சொச்சம். இன்று பதினான்கு. எங்கள் முறை வந்ததும் போன் வரும். பிள்ளையின் படம் இணையதளத்தில் வரும். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் 'சரி' என்று அழுத்த வேண்டும். தவறினால் அந்தப் பிள்ளை வேறு வீட்டுக்குப் போய்விடும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அப்பாவுக்கு மைக் செட் வேலை. கோயில் கொடைத் திருவிழாவில் எட்டுக் குழாய் அலறும்போது அவர் சட்டைப்பையில் இடி விழுந்தாலும் கேட்காது. அம்மா மாவு அரைத்து விற்கிறாள். முன்னறையில் மூன்று கிரைண்டர். ஊரிலேயே சத்தம் அதிகமான வீட்டில் உட்கார்ந்துகொண்டு ஒரு மணியோசைக்காகக் காத்திருக்கிறோம்.

அதனால் இன்று காலை எனக்கு ஒரு உத்தியோகம் கிடைத்தது. போன் காவல்.

"ஏட்டி, இத ஒங்கையில தாரேன்" என்று அம்மா தன் போனை நீட்டினாள். அந்த நம்பரைத்தான் பதிவில் கொடுத்திருக்கிறது. "கக்கூசுக்குப் போனாலும் கொண்டு போ. வெளையாட்டு மயிரெல்லாம் வேண்டாம். கேக்கா?"

"யம்மா, நான் என்னைக்கு வெளையாடிருக்கேன்?"

அம்மா மாவுக் கையோடு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை இந்த நோட்டில் எழுத இடம் போதாது.

ஏப்ரல் 21

போன் மணியோசையை மாற்றிவிட்டேன். எங்கள் பெரிய கிரைண்டர் சுற்றும் சத்தத்தையே பதிவு செய்து வைத்தேன். போன் வரும்போதெல்லாம் அம்மா ஓடிப் போய் கிரைண்டரை நிறுத்தினாள். நின்றபிறகும் சத்தம் கேட்டது. மூன்றாம் தடவை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கல்லைத் தொட்டுப் பார்த்தாள்.

"இந்தச் சவத்துக்குப் பேய் புடிச்சிருக்கோ?" என்றாள்.

நான் சமையலறையில் வாயில் துண்டை அடைத்துக்கொண்டு படுத்துக் கிடந்தேன்.

ஏப்ரல் 24, வெள்ளி

அப்பா வாசலில் ஆம்ப்ளிபயரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் மொட்டைமாடியில் இருந்து, என் தோழி ரிஸ்வானாவின் போனில், கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டு அவருக்குப் போன் போட்டேன்.

"ஆவுடையப்பன் சாரா? தத்தெடுப்பு அலுவலகத்துல இருந்து பேசறோம். உங்களுக்கு ரெட்டைப் பிள்ளை வந்திருக்கு சார்."

நான் கைப்பிடிச் சுவர் வழியாக எட்டிப் பார்த்தேன். அப்பா எழுந்து நின்றிருந்தார். ஸ்க்ரூ டிரைவர் கையிலேயே இருந்தது. இன்னொரு கையால் வேட்டியை மடித்துக் கட்டியிருந்ததை அவிழ்த்துக் கீழே விட்டுக்கொண்டார், பெரிய ஆள் யாரோ எதிரே வந்ததுபோல.

"ரெண்டும் நல்லாருக்குங்களா மேடம்?" என்று கேட்டார்.

நான் போனை அணைத்துவிட்டேன். அப்பா ரொம்ப நேரம் ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். பிறகு யாரென்று கண்டுபிடித்துவிட்டார். திட்டவில்லை. "குரல் நல்லா வந்துச்சு மக்கா" என்று மட்டும் சொன்னார்.

இனிமேல் அந்த மாதிரிப் போன் விளையாட்டு அப்பாவிடம் கிடையாது. காரணம் எதுவுமில்லை. கைக்குட்டை அழுக்காக இருந்தது.

ஏப்ரல் 27

அப்பாவிடம்தான் கிடையாது என்று எழுதினேன். ரிஸ்வானாவிடம் உண்டு. 'உங்கள் கணக்குப் பரீட்சைத் தாளை ஆடு தின்றுவிட்டது, மறுபடி எழுத வர வேண்டும்' என்று அதிகாரி குரலில் சொன்னேன். கால் மணி நேரம் அழுதாளாம். உண்மை தெரிந்ததும் நேரில் வந்து என் காதைத் திருகினாள்.

"ஒனக்கும் ஒருநா போன் வரும்ட்டி. யாருன்னே தெரியாம முழிக்கப் போற. இது சத்தியம்."

வரட்டும். காவலுக்கு இருக்கிறது யார்?

ஏப்ரல் 30

எண் பதினொன்று. நான் பார்க்கவில்லை. தற்செயலாக ஆறு தடவை கண்ணில் பட்டது.

மே 4, திங்கள்

காத்திருக்கும் அப்பா அம்மாக்கள் எல்லாருமாக ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறார்கள். காவல்காரி என்ற முறையில் நானும் படிக்கிறேன். ஒரு வீட்டுக்குப் பிள்ளை முடிவானால் அங்கே அதற்கு 'மேட்ச்' என்று பெயர். பக்கத்து வீட்டு மாமா, "ஒங்க அம்மை மேட்ச் எப்ப, மேட்ச் எப்பன்னு கேட்டுட்டே இருக்காளே, எந்த டீமுட்டி?" என்று கேட்டார். "புது டீம் மாமா. இன்னும் ஆள் எடுக்கல" என்றேன்.

இன்று வள்ளியூர்க்காரர்களுக்கு மேட்ச் ஆகிவிட்டது. குழுவில் ஒரே பூமாரி. அவர்கள் எங்களுக்குப் பின்னால் பதிவு செய்தவர்கள். எட்டு மாதம் பின்னால்.

அம்மா அவர்களுக்குக் கை கூப்பும் படம் அனுப்பினாள். பிறகு, காலையில் கழுவிய கிரைண்டரை மறுபடியும் கழுவினாள்.

மே 6, புதன்

ரிஸ்வானாவின் அண்ணனுக்குப் போன மாதம்தான் கல்யாணம் ஆனது. மதினி நாகூர்ப் பக்கம். இன்று மத்தியானம் ரிஸ்வானா வீட்டில் நான் இருந்தபோது, மதினி கரண்டியைத் தேடிக்கொண்டிருந்தார். ரிஸ்வானா சாதாரணமாக, "அந்தச் சவம் அங்கனதான் மதினி கெடக்கும், நல்லாப் பாருங்க" என்றாள்.

மதினி அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளிறிவிட்டது.

"யாரு? யாரு மௌத்தானது? எங்க கிடக்கு?"

எங்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. எங்கள் ஊரில் சவம் என்றால் கரண்டி. சவம் என்றால் வராத பஸ், நின்றுபோன கரண்ட், சொன்னபேச்சு கேட்காத மகள். எரிச்சலும் பிரியமும் எதிலெல்லாம் சேர்ந்து வருகிறதோ அதெல்லாம் சவம். மதினிக்கு மோர் கொடுத்து உட்காரவைத்து விளக்கினோம்.

"எங்க ஊர்ல பொணத்த மட்டுந்தான்மா அப்டிச் சொல்லுவாக" என்றார் மதினி. "இந்த மூணு ஜில்லாவத் தாண்டினா யாருட்டயும் இப்டிச் சொல்லிடாதீங்க."

நான் சிரிப்பதை அங்கே நிறுத்தினேன். ஒன்று ஞாபகம் வந்துவிட்டது.

பிப்ரவரியில் எங்கள் வீட்டைப் பார்த்துப் புது அறிக்கை எழுத பிரமிளா மேடம் என்று ஒரு சமூகப் பணியாளர் வந்தார். ஆம்பூர்க்காரர். நெல்லைக்கு மாற்றலாகி அப்போதுதான் இரண்டு வாரம். என்னைத் தனியாக மாடிக்குக் கூட்டிப்போய், "புதுசா ஒரு குழந்தை இந்த வீட்டுக்கு வரப்போகுது. உனக்கு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார்.

நான் சொன்னேன்: "வரட்டும் சவம். அதுக்கென்ன."

அவர் பேனா நின்றது. "இன்னொரு தடவ சொல்லும்மா" என்றார். நான் நன்றாகக் கேட்கட்டுமென்று சத்தமாகச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். அந்த ஒரு சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டு, அடிக்கோடும் போட்டார். நான் தலைகீழாகப் படிப்பதில் கெட்டிக்காரி.

வரப்போகும் பிள்ளையைப் பிணம் என்று சொன்ன பெண் இருக்கும் வீட்டுக்கு யார் பிள்ளை கொடுப்பார்கள்?

வள்ளியூர்க்காரர்கள் வீட்டில் என்னைப் போல வாய் உள்ளவர்கள் யாரும் இல்லை.

சாப்பிடப் பிடிக்கவில்லை. மதினி கொடுத்த மாங்காய் புளிப்பு.

மே 9

அம்மாவிடம் சொல்லலாம் என்று முன்னறைக்குப் போனேன். கிரைண்டர் நின்றுபோய் அம்மா அதை உலுக்கிக்கொண்டிருந்தாள்.

"இந்தச்... இந்த மோட்டாரு" என்றாள், நடுவில் எதையோ விழுங்கிக்கொண்டு.

கொஞ்ச நாளாகவே அப்படித்தான் பேசுகிறாள். 'இந்தச்' என்று ஆரம்பித்துவிட்டு நிற்கிறாள். பல் வலியாக இருக்கும்.

நான் சொல்லவில்லை. சத்தம் அதிகம். கிரைண்டர் நின்றுதான் இருந்தது, ஆனாலும்.

மே 12

எண் ஆறு. மூன்று வருடமாக, பிள்ளை வருவதற்கு முன்னால் துணிமணி வாங்கவே மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்த அம்மா, இன்று அளவு தெரியாமல் ஒரு ஜோடிச் செருப்பு வாங்கிவந்து, எங்கள் எல்லாருக்கும் தெரியும்படி ஒளித்துவைத்தாள்.

மே 14, வியாழன்

பிரமிளா மேடத்துக்குப் போன் செய்தால் குரலைக் கேட்டே பயந்துவிடுவார். கடிதம் எழுதினேன். நல்ல பிரதி தபாலில் போய்விட்டது. இது நகல்.

'மதிப்பிற்குரிய பிரமிளா மேடம் அவர்களுக்கு,

பொருள்: 'சவம்' என்பதன் பொருள்.

பிப்ரவரி மாதம் தாங்கள் எங்கள் வீட்டு மாடியில் எழுதிக்கொண்ட சொல் குறித்து இந்த விளக்கம். எடுத்துக்காட்டுகள் அனைத்தும் எங்கள் வீட்டில் கேட்டவை.

'சவத்த எங்கன வச்சேன்னு தெரியலியே.' இங்கே சவம் என்பது அப்பாவின் மூக்குக்கண்ணாடி. அது அப்போது அவர் நெற்றியில் இருக்கும்.

'சவத்த விடு.' மன்னித்தாகிவிட்டது என்று பொருள்.

'சவம் ஒண்ணும் திங்காமப் போயிட்டே.' இங்கே சவம் நான். நான் பரீட்சைக்குப் போனபிறகு அம்மா அப்பாவிடம் சொன்னது. அன்றைக்கு அம்மாவும் சாப்பிடவில்லை.

'வரட்டும் சவம்.'

இதற்கு மூன்று தடவை எழுதி அடித்துவிட்டேன். எனக்கு எழுத வரவில்லை மேடம். ஆனால் நீங்கள் நினைத்தது இல்லை. கண்டிப்பாக இல்லை. தவறு சொன்னது நான் மட்டும்தான். அப்பாவும் அம்மாவும் ரொம்ப நல்லவர்கள். தேவைப்பட்டால் நான் போய்த் தங்கிப் படிக்க விடுதி உள்ள பள்ளிகளும் உண்டு.

இப்படிக்கு,
ஆ. உலகம்மை.'

கடைசி வரியை எழுதியிருக்கக் கூடாது. தபால்பெட்டிக்குள் கை விட்டுப் பார்த்தேன். எட்டவில்லை.

மே 20

ரிசல்ட். 431. அம்மா சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். அப்பா எங்கள் வீட்டு வாசலிலேயே ஒரு குழாயைக் கட்டி, "எங்கள் அருமை மகள் உலகம்மை" என்று தெருவுக்கு அறிவித்தார். மனுஷப் பருவம் நீடிக்கும் போலிருக்கிறது.

கடிதத்துக்குப் பதில் இல்லை.

மே 28

எண் இரண்டு. ஆறு நாளாக இரண்டு. பதில் இல்லை.

ரிஸ்வானாவிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "ஒங்க அம்மைட்ட சொல்லிரு" என்றாள். சொல்லத்தான் வேண்டும். ஆனால் இன்றைக்குக் கல்யாண வீட்டு ஆர்டர், நாற்பது கிலோ மாவு. நாளைக்கு ஞாபகமாக மறந்துவிடுவேன்.

ஜூன் 8, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். சாரல் ஆரம்பித்துவிட்டது, குளிர்.

காலை பதினொன்றே கால். அம்மா முன்னறையில் மூன்று கிரைண்டரையும் ஓடவிட்டிருந்தாள். அப்பா சுரண்டையில் ஒரு கொடைக்குக் குழாய் கட்டப் போயிருந்தார். நான் போனோடு பின்கட்டில் இருந்தேன். மணி அடித்தது. தெரியாத நம்பர், லேண்ட்லைன்.

"வணக்கம். சண்முகக்கனி மேடம் இருக்காங்களா? தத்தெடுப்பு மையத்துலேர்ந்து பேசறேன்."

அம்மாவின் முழுப் பெயரைச் சொன்ன குரல் மூக்கால் வந்தது. துணி பொத்திப் பேசுகிற குரல். ஆகா, ரிஸ்வானாவின் சத்தியம் நிறைவேறுகிறது என்று நினைத்தேன். அவள் பெரியப்பா கடையில் லேண்ட்லைன் இருக்கிறது. என்னிடமேவா? அதுவும் இந்த விஷயத்திலா? எனக்கு வந்த கோபத்தில் குரலைக் கட்டையாக்கிக்கொண்டு சொன்னேன்:

"அவங்க இங்க இல்ல. இது தென்காசி மயானம். பொதைக்கணுமா, எரிக்கணுமா?"

"மன்னிக்கணும்" என்று மெல்லச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள்.

எப்படி, என்று எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டு திரும்பினேன். பின்வாசலில் ரிஸ்வானா நின்றுகொண்டிருந்தாள். கையில் தூக்குவாளி. நனைந்த குடை.

"மதினி நோன்புக் கஞ்சி மாதிரி வச்சாவ. குடுத்துவிட்டாவ" என்றாள். "என்னட்டி, பேயறைஞ்ச மாதிரி நிக்க?"

"நீ... போன்ல..."

"என் போனத் தண்ணில போட்டு ரெண்டு நாளாச்சு. ஏன்?"

அந்த நம்பருக்குத் திரும்பப் போட்டேன். வேறு யாருடனோ பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னது. மறுபடி. மறுபடியும் அதே. ரிஸ்வானா தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, என்னைப் பிடித்து முன்னறைக்குத் தள்ளினாள்.

கிரைண்டர் மூன்றும் ஓடிக்கொண்டிருந்தன. நான் அம்மாவிடம் சொன்னேன். கேட்கவில்லை. கத்திச் சொன்னேன். கேட்கவில்லை. போய் மூன்று சுவிட்சையும் அணைத்தேன். வீட்டில் அத்தனை அமைதியை நான் கேட்டதே இல்லை.

"யம்மா, போன் வந்துச்சு. நெசப் போனு. நான் சுடுகாடுன்னு சொல்லிட்டேன்."

சொன்னபிறகு நிறுத்த முடியவில்லை. பிப்ரவரி, மாடி, 'வரட்டும் சவம்', அடிக்கோடு, மதினி, வள்ளியூர், கடிதம், விடுதி எல்லாம் வரிசை தப்பிக் கொட்டியது. "என்னாலதாம்மா வரல. ரெண்டு தடவ என்னாலதான்."

அம்மா அடிப்பாள் என்று நினைத்தேன். அம்மா உளுந்து மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்தாள்.

"நீயுமா சொன்ன?" என்றாள்.

"என்னது?"

"அந்தம்மா சமையக்கட்டுக்கு வந்துச்சுல்லா. பிள்ளை வந்தா எங்க படுக்க வைப்பீங்கன்னு கேட்டுச்சு. சவம் எங்க படுக்கும், என் இடுப்புலதான் படுக்கும்னுட்டேன். வாய் தவறி மூணு தடவ சொல்லிருக்கேன். அவ எழுதிட்டே இருந்தா." அம்மா மாவுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "வள்ளியூர்க்காரிக்கு வந்ததுலருந்து எனக்கு உறக்கமில்ல. ஒங்க அப்பாட்ட சொல்லல. நானே கெடுத்துட்டேன்னு..."

பல் வலி இல்லை.

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. அம்மா சிரித்ததில் உளுந்து மூட்டை சரிந்தது. ரிஸ்வானாதான் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அத்த, சிரிக்க நேரமா இது? அந்த வெப்சைட்டத் தெறந்து பாருங்க. போன் வந்துச்சுன்னா படமும் வந்திருக்கும்லா?"

பரீட்சைத் தாளை ஆடு தின்றதை நம்பியவள் இவள். இனி இவளை ஏமாற்ற மாட்டேன். ஒரு வாரத்துக்கு.

திறந்தோம். சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு, வந்தது.

பெண். மூன்று வயது மூன்று மாதம். பெயர் அமுதினி. பச்சைக் கவுன். ஒரு காலில் மட்டும் சாக்ஸ். படம் எடுத்தவரை, 'உனக்கு வேறு வேலை இல்லையா' என்பதுபோல முறைத்துக்கொண்டிருந்தாள். கீழே: நாற்பத்தேழு மணி, நாற்பது நிமிடம்.

அம்மா திரையைத் தொடவில்லை. பக்கத்தில் விரலை வைத்து, அந்த ஒற்றைச் சாக்ஸை மட்டும் காற்றில் தடவினாள்.

அப்பாவுக்கு எட்டுத் தடவை போன் போட்டோம். எடுக்கவில்லை. கடைசியில் ரிஸ்வானாவின் யோசனைப்படி கொடை நடத்துகிறவர் நம்பரைப் பிடித்தோம். அவர் மைக்கை வாங்கி, சுரண்டை முழுக்கக் கேட்கும்படி, "ஆடியோஸ் ஆவுடையப்பன் உடனே வீட்டுக்குப் போகவும், பிள்ளை வந்திருக்கு" என்று அறிவித்துவிட்டார். கூட்டத்தில் ஒரு கிழவர் அப்பாவின் கையைப் பிடித்து, "சுகப்பிரசவமா?" என்று கேட்டாராம். "ஆமய்யா, மூணு வருசம் ஆச்சு" என்றாராம் அப்பா.

அப்பா வருவதற்குள் போன் வந்தது. பிரமிளா மேடம்.

"ஏம்மா, மையத்துலேர்ந்து போன் பண்ணாங்க. தென்காசி நம்பர் மயானத்துக்குப் போகுதுன்னு பயந்துட்டாங்க. உலகம்மை பக்கத்துல இருக்காளா? அவகிட்ட குடுங்க."

போனை வாங்கினேன். "மேடம்... கடிதம்..."

"வந்துச்சு, வந்துச்சு. நான் லீவுல ஊருக்குப் போயிருந்தேன். இன்னிக்குக் காலையிலதான் பிரிச்சேன். விடுதிக்கெல்லாம் போக வேணாம், சரியா?" அவர் சிரித்தார். "உங்க வீட்டுக்கு வந்த அன்னிக்குச் சாயங்காலமே நான் ஆட்டோக்காரர்கிட்ட கேட்டுட்டேம்மா, இந்த ஊர்ல ஏன் எல்லாரும் சவம் சவம்னு பேசறாங்கன்னு. அவரு, 'யம்மா, அது எங்க கொஞ்சல்லா'ன்னு சொல்லிட்டு, குறுக்க வந்த ஆட்டுக்குட்டிய அதையே சொல்லித் திட்டினாரு. நான் அறிக்கையில என்ன எழுதினேன் தெரியுமா? வீட்டின் மூத்த பெண், வரவிருக்கும் குழந்தையை வட்டாரச் செல்லப் பெயர் சொல்லி இப்போதே அழைக்கிறாள்."

"அப்ப வள்ளியூர்க்காரங்களுக்கு மட்டும் முன்னாலயே..."

"அவங்க கேட்டது ஆறு வயசுக்கு மேல. அது வேற வரிசை."

வேறு வரிசை. நான் ஒரு மாதம் அழாமல் இருந்ததெல்லாம் வீண்.

அப்பா மழையில் தொப்பலாக வந்து சேர்ந்தார். படத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "மொறைக்கா பாரு. நம்ம வீட்டு மொறைப்பு" என்றார்.

'சரி' என்ற இடத்தை அம்மா அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. மாவு காய்ந்த விரலைத் திரை ஏற்கவில்லை. அப்பா அழுத்தினார். ஈரக்கை, அதுவும் ஏற்கவில்லை.

"நீ அமுக்குட்டி" என்றாள் அம்மா. "நீதான கேட்ட."

ஏழாம் வகுப்புப் படிக்கும்போது நான் ஏதோ கேட்டேன்தான். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைக்கூட இறக்காமல், எனக்கு ஒரு பிள்ளை வேணும், சண்டை போட ஆளில்லை என்று அழுதேனாம். எனக்குச் சரியாக ஞாபகமில்லை. பை நீலநிறம்.

அமுக்கினேன்.

ஜூன் 9

போன் காவலிலிருந்து விலக்கப்பட்டேன். காரணம் கூறப்படவில்லை. மயானத்தில் வேலை பார்க்கலாம் என்று அப்பா பரிந்துரைத்தார்.

ஜூன் 23

டாக்டர் சான்றிதழ், கையெழுத்து, மறுபடி கையெழுத்து. அப்பா அம்மா மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். "எப்படிம்மா இருக்கா?" என்றேன். "பேசவே இல்ல. ஒங்க அப்பா சட்டைப் பொத்தான மட்டும் ஒண்ணொண்ணா எண்ணுனா" என்றாள். அப்பா அந்தச் சட்டையைத் துவைக்கப் போடவில்லை.

வாங்கிவைத்த செருப்பு சின்னதாம். புதிது வாங்க வேண்டும்.

ஜூலை 11, சனி

மைக் செட் வேனைக் கழுவி, குழாயெல்லாம் இறக்கிவிட்டு, மதுரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அந்த இல்லத்துக்குப் போனோம். நான் ஒரு வாரமாகத் தயார் செய்த வித்தைகளோடு போனேன். காதிலிருந்து மிட்டாய் எடுத்தேன். அமுதினி பார்த்தாள். கட்டைவிரலைப் பிய்த்துக் காட்டினேன். பார்த்தாள். ஆடு, கோழி, அப்பாவின் மைக் டெஸ்டிங் எல்லாக் குரலிலும் பேசினேன். திரும்பிப் பக்கத்தில் நின்ற ஆயாவிடம், "இவங்களுக்கு என்னாச்சு?" என்று கேட்டாள்.

பதினைந்து வருடத்தில் இப்படி ஒரு தோல்வி நான் கண்டதில்லை.

கிளம்பும்போது அமுதினி, இல்லத்தில் இருக்கும் பெரிய பெண் ஒருத்தியின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். கத்தவில்லை. பிடி மட்டும் விடவில்லை. அந்தப் பெண் குனிந்து காதில் என்னமோ சொன்னாள். அப்புறம்தான் விரல் ஒவ்வொன்றாகப் பிரிந்தது. அம்மா எதுவும் பேசாமல் அந்தப் பெண்ணையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

வேனில் அமுதினியே எனக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஏறி உட்கார்ந்தாள். திருமங்கலத்தில் என் பக்கம் திரும்பினாள்.

"நீ யாரு?"

"ஒன் அக்கா."

"நீ அக்கா இல்ல. அக்கா அங்க இருக்கு." விரலைப் பின்னால் நீட்டினாள்.

முன் இருக்கையில் அம்மாவின் தலை அசையாமல் நின்றது. எனக்கு வேடிக்கையாக ஒன்றும் வரவில்லை.

"ரெண்டு அக்கா வச்சுக்கிடலாம்" என்றேன். "அவங்க பெரிய அக்கா. நான் சும்மா அக்கா. அடுத்த மாசம் அவங்களப் பாக்கப் போவோம். யப்பா, போவோம்லா?"

"போவோம் மக்கா" என்றார் அப்பா. குரல் சரியாக வரவில்லை. மைக் செட்காரருக்கு இப்படி ஆகக்கூடாது.

அமுதினி யோசித்தாள். ராஜபாளையம் வரை யோசித்தாள். பிறகு என் வலது கையை இழுத்து, தலையணையைத் தட்டுவதுபோல இரண்டு தட்டுத் தட்டி, அதன்மேல் தலையை வைத்துத் தூங்கிவிட்டாள்.

சிவகிரி.

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து நண்டு நடந்ததுபோல் இருக்கும். வலது கை மரத்துப்போய் அரைமணி நேரம் ஆகிறது.

வாசுதேவநல்லூர். சாரல் அடிக்கிறது. அப்பா பள்ளத்துக்குப் பள்ளம் வண்டியை நிறுத்தி இறக்குகிறார். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வருகிறது. அம்மா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, போ போ என்று அனுப்பிவைத்தாள்.

புளியங்குடி. எச்சில் வழிந்து என் புதுச் சட்டை நனைந்துவிட்டது. கையை எடுக்கட்டுமா என்று அம்மா சைகையில் கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

கடையநல்லூர். கை இன்னும் எனக்குத் திரும்பி வரவில்லை. அவசரமில்லை.